வெயிலை நம்பாத சுவிஸ் அக்கா

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு அவர் குடிவந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. நான் வீட்டில் இருந்தபடி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். லைனிங் துணியை நனைத்துக் காயவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே சுருங்கிவிடும். அன்றைக்கு மொட்டைமாடிக் கயிற்றில் பதினைந்து துண்டுகளை வரிசையாக விரித்துவிட்டுத் திரும்பினால், முன்பின் தெரியாத ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“பிள்ளை, இதையெல்லாம் எடும். மழை வரும்.”

“எந்த மழை? வானத்தைப் பாருங்கோ, ஒரு முகில்கூட இல்லை.”

“அதுதான் சொல்லுறன். இவ்வளவு நல்லாய் இருக்கக் கூடாது.”

பயந்துபோய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதிரைகளில் போட்டேன். அன்றைக்கு மழையும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. பின்னேரம் லிப்டில் கண்டு, “எங்கை உங்கட மழை?” என்று கேட்டேன். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே! “இண்டைக்கு வரேல்லை” என்று சொல்லிவிட்டு நான்காம் மாடிப் பொத்தானை அமத்தினார்.

இது ஐந்தாறு வருடத்துக்கு முந்தின கதை. அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. பிறந்தது கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் வேலை செய்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். எண்பதுகளில் கணவரோடு சுவிஸுக்குப் போனவர். கணவர் ரெஸ்டோரன்ட் குசினியில் நின்றார், இவர் ஒரு மலைச்சரிவில் முந்திரிகைத் தோட்டத்தில், அதுதான் திராட்சைத் தோட்டத்தில், கூலிக்குப் போனார். இருபத்துமூன்று வருடம். கணவர் காலமாகி, முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகு, தமக்கையின் வீடு ஒன்று வெள்ளவத்தையில் சும்மா பூட்டிக் கிடக்கிறதென்று வந்து சேர்ந்தார். தொடர்மாடியில் எல்லாருக்கும் அவர் சுவிஸ் அக்கா. வாசலில் நிற்கும் சிங்களக் காவல்காரருக்குச் சுவிஸ் மிஸ்.

ஆள் வந்தாரே தவிர, அவருடைய வானம் வரவில்லை. போனைத் திறந்தால் அந்த மலைக் கிராமத்தின் வெப்பநிலைதான் முதலில் தெரியும். கொழும்பில் என்ன நடக்கிறதென்று அவருக்குக் கவலையே இல்லை. ஒரு ஒக்டோபர் பின்னேரம் கொட்டோ கொட்டென்று கொட்டி, பாமன்கடைப் பக்கத்து ஒழுங்கைகளில் எல்லாம் வெள்ளம். நானும் அவரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறோம். என் செருப்பு ஒன்று போயே போய்விட்டது. இந்த மனுசி நடுவழியில் நின்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, “அங்க நல்ல காத்து. மழை இல்லை. குலை வடிவாய்க் காயும், பூஞ்சணம் பிடியாது” என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் மற்றச் செருப்பையும் கழற்றி எறிந்தேன்.

அறுவடை நேரம் மழை பெய்தால் பழம் தண்ணீர் குடித்து வெடித்துவிடுமாம். ஜூனில் பூக்கும் நேரம் மழை பெய்தால் பூ உதிர்ந்து, குலையில் பத்துப் பழம்தான் நிற்குமாம். ஓகஸ்டில் ஆலங்கட்டி மழை வந்தால் கதையே முடிந்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு நானும் சில தடவை துணைக்குப் போயிருக்கிறேன். நான் சைவக்காரி, ஆனாலும் மாதாவுக்கு முன்னால் நிற்க எனக்கு ஆசை. சுற்றிவர நிற்கிற சனம் கப்பலில் போன மகனுக்கும் விசாவுக்கும் கலியாணத்துக்கும் நேர்த்தி வைக்கும். சுவிஸ் அக்கா மெழுகுதிரியைக் கொளுத்தி, ஆலங்கட்டி விழக் கூடாது என்று மன்றாடுவார். கொழும்பில் அப்படி ஒரு மன்றாட்டைக் கேட்ட ஒரே மாதா அந்த மாதாவாகத்தான் இருக்கும்.

சந்தையில் அவரோடு முந்திரிகைப்பழம் வாங்கப் போவது என்றால் அரை நாள் லீவு போட வேண்டும். காலி வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் பழக்கடை. அக்கா ஒரு பழத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், மணப்பார், கடிப்பார், விதையைக் கையில் துப்பி அதன் நிறத்தையும் பார்ப்பார்.

“இது மழைக்குப் பிறகு பிடுங்கினது. தண்ணிச் சப்பு” என்றார் ஒருநாள்.

நானா தலையில் கையை வைத்தார். “அக்கா, நீங்க பழம் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? எல்லாரும் வெல கேக்குறாங்க, நீங்க சாதகம் கேக்குறீங்க.”

“விதை பச்சையாய் இருக்கு, நானா. இன்னும் பத்து நாள் கொடியில நிண்டிருக்க வேணும்.”

“அந்தப் பத்து நாளும் நான் என்னத்த விக்கிற?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் ஒரு கிலோ வாங்கினார், காசும் குறைத்துக் கேட்கவில்லை. நானாவுக்கு அவரில் நல்ல விருப்பம். அவர் வராத கிழமையில் என்னிடம், “எங்க நம்ம பழ டொக்டரம்மா?” என்று விசாரிப்பார்.

நல்லது எதையும் அவர் உடனே நம்ப மாட்டார். இதுதான் அவரிடம் எனக்கு எரிச்சலான குணம், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிற குணமும் இதுதான். என் தங்கைக்குச் சம்பந்தம் சரிவந்தது என்று லட்டுத் தட்டோடு ஓடினேன். ஒரு லட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, “மே பதினைஞ்சு போகட்டும்” என்றார்.

“அக்கா, இது செப்டெம்பர் மாசம்!”

அந்த மலைநாட்டில் மே மாத நடுவில் ஐந்து புனிதர்களின் திருநாள் அடுத்தடுத்து வருமாம். பனிப் புனிதர்கள் என்று பெயராம். கடைசிப் புனிதர் போகும்வரை எந்த நேரமும் உறைபனி விழலாம், ஆகையால் அதுவரை எவரும் நெஞ்சை நிமிர்த்தக் கூடாதாம். இதைக் கேட்டுவிட்டு இவர், என் மனுசன், “எங்களை ஒரு சனீஸ்வரன் ஏழரை வருசம் பிடிக்கிறார். உங்களை அஞ்சு பேர் அஞ்சு நாளில முடிச்சுவிடுகினம். பரவாயில்லை அக்கா, சுவிஸ் சுவிஸ்தான்” என்றார்.

ஆனால் பகிடிக்குள் ஒரு வலி இருந்தது. அது எனக்கு ஒரு பெப்ரவரியில்தான் தெரியவந்தது. அந்தக் கிராமத்தில் பனிக்காலத்தின் நடுவிலேயே வெயில் எறித்து, பதினேழு பாகை என்று போன் காட்டியது. எனக்கென்ன தெரியும், “அடேயப்பா, சனம் சந்தோசமாய் வெளிக்கிட்டிருக்கும்” என்றேன். அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

“கொடி ஏமாந்துபோகும், பிள்ளை. வசந்தம் வந்திட்டுது எண்டு நினைச்சு நேரத்தோட மொட்டை விரிச்சுப்போடும். அதுக்குப் பிறகு ஏப்ரலில ஒரு பனி வந்தால் எல்லாம் கருகிப்போம். யாழ்ப்பாணத்துக் கொடி மாதிரி இல்லை, வெட்டிவிட்டால் திரும்பக் காய்க்க. அங்க வருசத்துக்கு ஒருக்காத்தான். பிறகு ரெண்டாம் தளிர் வரும்தான், அதில குலை பிடிக்காது.”

“உங்களுக்கு ஏன் அக்கா இவ்வளவு கவலை? நீங்கள்தான் விட்டுப்போட்டு வந்திட்டீங்களே.”

“மகள் நிக்கிறாள்” என்றார்.

ஒரே மகள். முப்பத்துநாலு வயது. நகரத்தில் ஒரு காப்புறுதி ஒபிசில் நல்ல வேலை, சுழல்கதிரை, குளிருக்குச் சூடு. அக்கா முதலாளி என்று கூப்பிட்ட அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரக் கிழவருக்குப் பிள்ளைகள் இல்லை. தோட்டத்தில் ஒரு சரிவைக் குத்தகைக்குத் தரலாம் என்று கிழவர் சொன்னதும், மகள் ஒபிசில் ஒரு வருடம் லீவு எடுத்துக்கொண்டு தோட்டத்தில் போய் நின்றுவிட்டாள். கிழவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: முதல் வருடம் நீ ஒழுங்காக ஒரு அறுவடை எடுத்துக் காட்டு, பிறகு நீண்டகாலக் குத்தகை எழுதுவோம். அறுவடை பிழைத்தால் மகள் ஒபிசுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“நான் இருபத்துமூண்டு வருசம் சேத்துக்குள்ள குனிஞ்சது அவள் கதிரையில இருக்கத்தான். அவள் என்ன செய்தாள்? நான் எங்க குனிஞ்சனோ அங்கயே போய் நிக்கிறாள்” என்று சொல்லி அக்கா மூக்கைச் சிந்தினார்.

ஒக்டோபரில் போனில் பெரிய சண்டை. ‘நீ என்ர பிள்ளையே இல்லை’ என்கிற அளவுக்குப் போய்விட்டதாம். அன்றிலிருந்து மகள் தாயின் இலக்கத்தைக் கோல் வராதபடி போனில் அடைத்துவிட்டாள். தாயும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தச் சரிவின் காற்றையும் மழையையும் ஒருநாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்து வந்தது சித்திரை வருடப்பிறப்பு. காலையில் நாங்கள் மருத்துநீர் வைத்து முழுகி, புது உடுப்பு உடுத்து, பொங்கல் அடுப்பில் ஏறியிருந்தது. கொழும்பு வெக்கையில் அந்த நேரமே பிளவுஸ் முதுகோடு ஒட்டிவிட்டது. ஏழரை மணியிருக்கும், கதவைத் தட்டுகிற சத்தம். ஆள் உடைந்துபோய் நிற்கிறார் சுவிஸ் அக்கா. தலை இழுக்கவில்லை, இரவு உடுப்போடு, கையில் போன்.

“பிள்ளை, உம்மட போனைத் தாரும். பனி விழப்போகுது.”

பொங்கல் அகப்பையோடு நான் வாயைப் பிளந்தேன். எனக்கு வியர்வை ஊற்றுகிறது, இவர் பனி என்கிறார்!

அவர் சொன்னதன் சாரம் இதுதான். அங்கே அப்போது விடிய நாலு மணி. முதல்நாள் இரவு முகில் மூடியிருக்கும், பயமில்லை என்றுதான் வானிலை அறிக்கை சொன்னது. மகள் அதை நம்பிப் படுத்திருப்பாள். ஆனால் முகில் கலைந்து, காற்றும் நின்று, கிராமத்து வெப்பமானி பூச்சியத்துக்கு இறங்கிவிட்டது. மொட்டுகளோ பெப்ரவரி வெயிலை நம்பி எப்போதோ விரிந்துவிட்டன. அக்காவின் இலக்கத்திலிருந்து கோல் போகவில்லை.

என் போனில் எடுத்தோம். அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தோம். மூன்றாம் தரம் நித்திரைக் குரல் ஒன்று ஜெர்மனில் ஏதோ சொன்னது.

நான் பதற்றத்தில், “பிள்ளை, நான் வெள்ளவத்தையில இருந்து கதைக்கிறன், உங்கட அம்மா…” என்று தொடங்கியதுதான் தாமதம், அந்தப் பக்கத்தில் “ஐயோ அம்மா!” என்று ஒரே ஓலம். நாலு மணிக்கு இலங்கை இலக்கத்திலிருந்து கோல் வந்தால் எந்தப் பிள்ளைதான் வேறுவிதமாக நினைக்கும்?

அக்கா போனைப் பறித்தார். “நான் சாகேல்லையடி! எழும்பு! சப்பாத்தைப் போடு! தண்ணியைத் திற!”

ஆறு மாதத்துக்குப் பிறகு தாயும் மகளும் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கொடிகளுக்கு மேலே தண்ணீர் தூவுகிற குழாய்கள் அந்தச் சரிவில் பூட்டியிருந்தன. குளிர் நேரத்தில் தண்ணீர் தெளித்தால் மொட்டு இன்னும் விறைத்துப் போகாதா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். “தண்ணி ஐஸ் ஆகிற நேரம் கொஞ்சம் சூட்டை விடும். மொட்டுக்கு அது காணும். மேல மேல தண்ணி விழுந்துகொண்டிருந்தால் ஐசுக்குள்ள மொட்டு தப்பியிருக்கும். இடையில நிப்பாட்டினால் போச்சு” என்றார். வெயில் ஏறி, ஐஸ் தானாக உருகி விழும்வரை குழாயைப் பூட்டக் கூடாதாம். வெயிலைக் கண்ட சந்தோசத்தில் பூட்டுகிறவர்கள்தான் தோட்டத்தை இழக்கிறவர்களாம்.

அன்றைக்கு எங்கள் வீட்டு வருடப்பிறப்பைப் போல ஒன்றை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். போன் மேசையில், ஸ்பீக்கரில். கைவிசேசக் காசு தர வந்த என் மைத்துனர் குடும்பமும் சுற்றிவர இருக்கிறது. பொங்கல் படைத்தோம், கும்பிட்டோம், ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் மகளின் பல் கிடுகிடுக்கும் குரல் கேட்கும்: “அம்மா, சைபருக்குக் கீழ மூண்டு.” “அம்மா, தண்ணிப் பம்ப் சத்தம் போடுது.” அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். பத்து மணி தாண்ட, “அம்மா, வெயில் வந்திட்டுது! நிப்பாட்டட்டா?” என்று மகள் கேட்ட அதே வினாடி, கீழே ஒழுங்கையில் சிங்கள வீட்டுக்காரர்கள் வருடப்பிறப்புச் சீன வெடிக்கு நெருப்பு வைத்தார்கள். டமார் டமார் என்று காது கிழிகிறது. அக்கா “நிப்பாட்டாதை! நிப்பாட்டாதை!” என்று கத்துவது அவருக்கே கேட்டிருக்காது. போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டினார். என் மனுசன் யன்னலில் நின்று கீழே பார்த்து, “மல்லி, பொட்டக் இன்ன! சுவிஸில பனி!” என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சிங்களமும் தமிழுமாகக் கூவினார். கீழே நின்ற பொடியன்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த சரத்தைக் கொளுத்தினார்கள்.

ஒரு மணியளவில் மகள் சொன்னாள்: “அம்மா, ஐஸ் விழுது. தன்ரபாட்டில விழுது.” அதற்குப் பிறகுதான் ஆறிப்போன பொங்கலைச் சாப்பிட்டோம். நான் அழுதேன், ஏன் அழுதேன் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் படங்கள் வந்தன. மேல் சரிவு முழுக்கப் பச்சைத் தளிர். அடிவாரத்தில், ஓடைப் பக்கமாக இரண்டு வரிசை மட்டும் கறுத்துச் சுருண்டு போயிருந்தன. குளிர்க் காற்று பள்ளத்தில்தான் முதலில் இறங்கித் தேங்கும், தண்ணீர் திறக்க முன்னமே அவை போய்விட்டன என்று மகள் சொன்னாள். மிச்சமெல்லாம் தப்பிவிட்டது, அம்மா எழுப்பியிருக்காவிட்டால் ஒன்றுமே இல்லை என்று நூறு தரம் சொன்னாள். தொடர்மாடி முழுக்கச் செய்தி பரவி, நாலாம் மாடியில் இருந்துகொண்டு சுவிஸைக் காப்பாற்றின மனுசி என்று காவல்காரர்கூடச் சல்யூட் அடித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் வைத்த பயற்றம் பணியாரத்தையும் தள்ளிவிட்டார்.

அன்று பின்னேரம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பிள்ளை, அண்டைக்கு நான் உம்மட்டை வந்தது எத்தினை மணிக்கு?”

“ஏழரை இருக்கும்.”

“நான் போனைப் பார்த்தது ஏழு மணிக்கு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“முகில் கலைஞ்சதைக் கண்டனான். அப்பவே எனக்குத் தெரியும் பனி வரும் எண்டு. அரை மணித்தியாலம் கட்டிலில இருந்தனான். கருகட்டும், எல்லாம் கருகட்டும், அவள் ஒபிசுக்குத் திரும்பட்டும் எண்டு. மாதாவிட்டையும் அதைக் கேட்டனான். பிறகு பூச்சியம் விழுந்துது. அதைக் கண்டவுடன என்னால இருக்க முடியேல்லை. அந்த ரெண்டு வரிசையையும் சாகடிச்சது நான்தான்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சொல்லாதேங்கோ அக்கா. இப்பதானே கதைக்கத் தொடங்கியிருக்கிறாள், ஏன் வீண் வம்பு?” என்றேன். என் இடத்தில் நின்றிருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

“அவள் ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றி சொல்லுறாள். என்னால அதைக் கேக்க ஏலாது” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மகளைக் கூப்பிட்டார்.

எழும்பிப் போகவா, இருக்கவா என்று தெரியாமல் நான் ஊசியைக் கையில் பிடித்தபடி இருந்தேன். ஒன்றையும் மறைக்காமல், மாதாவிடம் கேட்டதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பக்கத்தில், தூரத்தில் ஏதோ உழவு இயந்திரம் ஓடுவது கேட்டது.

“அரை மணித்தியாலமா?” என்றாள் மகள்.

“ஓம்.”

“நான் ஆறு மாசமும் என்ன நினைச்சனான் தெரியுமா? நீங்கள் அங்க ஒவ்வொரு நாளும் பனி கேட்டு மன்றாடுறீங்கள் எண்டு. அரை மணித்தியாலம்தானா?” அவள் சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “ரெண்டு வரிசை போகட்டும், அம்மா. அதில இனி ரெண்டாம் தளிர் கண்டபாட்டுக்கு வரும். வேண்டாததை உடைச்சுவிட ஆள் வேணும். அதை நீங்கள் வந்து செய்யுங்கோ.”

“எனக்கு முழங்கால் ஏலாது, மலை ஏற.”

“அது அடிவாரம் அம்மா. சமதரை.”

அக்கா போனை வைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “பிள்ளை, பிளேன் ரிக்கெற் போடுற இடம் இந்த நேரம் திறந்திருக்குமோ?” என்றார்.

வருடப்பிறப்பு லீவு இன்னும் முடியவில்லை, பூட்டித்தான் இருக்கும் என்றேன். “பூட்டியிருந்தால் திறக்கும் மட்டும் வாசலில நிப்பம்” என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டிவிட்டார். நான் பாதி தைத்த பிளவுஸை மெஷினிலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.